பெயர் எழுதாத சீட்டுகள்: 'மூட்' என்ற பையனைப் பற்றி வேலூரில் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்

மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், காலை பத்து மணிக்கே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தபோது, வேலூரில் ஒரு நூலகத்து மாடியில் கல்லூரிப் பிள்ளைகளிடம் பேசினேன். ஃபோர்சான் என்ற அமெரிக்க இணையத்தளத்தைத் தொடங்கி, பதினோரு ஆண்டுகளுக்கு மேல் நடத்தி, பிறகு கையைக் கழுவிக்கொண்டு போன ஒருவரைப் பற்றிய பேச்சு. முடித்ததும் கேள்வி கேட்க ஒருவரும் எழவில்லை. பழைய வினாத்தாள்களைக் கிழித்துக் கொடுத்து, "பெயர் எழுத வேண்டாம், கேள்வியை மட்டும் எழுதுங்கள்" என்றேன். 34 சீட்டுகள் வந்தன. இரண்டில் கெட்ட வார்த்தை. ஒன்றில் என் வழுக்கைத் தலையின் படம், நன்றாகவே வரைந்திருந்தார்கள். நான்காவது சீட்டைப் பிரிக்கும்போது மின்சாரம் போய்விட்டது. மின்விசிறி இல்லாமல் அந்த மாடியில் உட்கார முடியாது என்பதால் கூட்டம் கலைந்தது. அன்று சொல்ல முடியாமல் போன பதில்கள் இவை.

என்னைப் பற்றி ஒரு வரி: காட்பாடியில் 2002 முதல் 2009 வரை பிரவுசிங் சென்டர் நடத்தினேன். இப்போது அதே கடையில் ஜெராக்ஸ் எடுக்கிறேன், ஆன்லைன் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கிறேன்.

சார், யார் இந்த மூட்?

கிறிஸ்டோபர் பூல். நியூயார்க் புறநகரில் வளர்ந்தவர். 2003 அக்டோபர் 1ஆம் தேதி, 15 வயதில், தன் படுக்கையறையிலிருந்து ஃபோர்சானைத் தொடங்கினார். 'மூட்' என்பது இணையத்தில் அவர் வைத்துக்கொண்ட பெயர். ஆங்கிலத்தில் அதன் முதல் எழுத்தைக்கூடச் சிறிய எழுத்தாகத்தான் போடுவார்.

நம் ஊரில் தலைமையாசிரியருக்கும் தாசில்தாருக்கும் பெயர் போடாமல் ஒரு கடிதம் போகும், மொட்டைக் கடிதம் என்போம். மொட்டைக் கடிதங்கள் மட்டுமே ஒட்டப்படும் ஒரு பெரிய சுவரைக் கட்டி, அதற்குக் காவலும் இருந்தவர் இவர். மூட், மொட்டை என்ற ஒலி ஒற்றுமை தற்செயல்தான். இருந்தாலும் எனக்குப் பிடித்த தற்செயல்.

15 வயதுப் பையனால் இது எப்படி முடிந்தது? அண்ணா, உண்மையைச் சொல்லுங்கள், பின்னால் யாரோ இருந்தார்கள்தானே?

யாரும் இல்லை. அவர் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவும் இல்லை. ஹிரோயுகி நிஷிமுரா என்ற ஜப்பானிய மாணவர் 1999இல், அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் படித்துக்கொண்டிருந்தபோது, 'டூ சானல்' என்ற தளத்தைத் தொடங்கினார். யாரும் பெயர் சொல்லாமல் எழுதலாம். அதன் கிளைபோல 2001இல் 'ஃபுடாபா சானல்' வந்தது. அங்கே படமும் போடலாம். அனிமே என்ற ஜப்பானியக் கார்ட்டூன் படங்களில் பைத்தியமாக இருந்த பூல் ஃபுடாபாவின் நிரலை எடுத்து, அதிலிருந்த ஜப்பானியச் சொற்களை ஆல்டாவிஸ்டாவின் பேபல்ஃபிஷ் என்ற மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டு ஆங்கிலமாக்கினார். அனிமே பார்க்கும் இணைய நண்பர்கள் சிலரை அழைத்தார். கடை திறந்தாயிற்று.

அதே 2003இல் என் கடையில் ஆறு கணினிகள் ஓடின. மணிக்கு 20 ரூபாய். நம் ஊர்ப் பதினைந்து வயதுப் பையன்கள் தேர்வு முடிவு பார்க்கவும் கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கவும் வந்தார்கள். அவர்களுக்கு மூளை குறைவு என்று சொல்ல மாட்டேன். வீட்டில் கணினியும் இரவு முழுக்க அறுபடாத இணைப்பும் இருந்தவனுக்கும், 20 ரூபாயை எண்ணிக்கொண்டு வந்தவனுக்கும் உள்ள தூரம் அது.

பெயரே இல்லாமல் எப்படிப் பேசிக்கொள்வார்கள்? குழம்பாதா?

குழம்பும். அந்தக் குழப்பம்தான் அங்கே சரக்கு.

எழுதும் பெட்டியில் 'பெயர்' என்று ஒரு கட்டம் உண்டு. காலியாக விட்டால் தளமே 'அனானிமஸ்', அதாவது பெயரில்லாதவர், என்று போட்டுவிடும். பதிவு செய்ய வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம். ஏறக்குறைய எல்லோரும் காலியாகவே விட்டார்கள். ஒரே பக்கத்தில் அனானிமஸ் கேட்பார், அனானிமஸ் பதில் சொல்வார், மூன்றாவது அனானிமஸ் இருவரையும் திட்டுவார்.

இன்னொரு ஏற்பாடு இதைவிட முக்கியமானது. ஒரு பதிவும் அதன் கீழே வரும் பதில்களும் சேர்ந்தது ஓர் இழை. புதிய இழை வரவர, யாரும் பதில் போடாத பழைய இழை கீழே தள்ளப்படும். கடைசிப் பக்கத்தைத் தாண்டினால் அழிந்துவிடும். 2011இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உள்ளிட்ட ஒரு குழு, அந்தத் தளத்தின் பிரிவுகளில் (பலகை என்பார்கள்) மிகவும் இரைச்சலான 'பி' என்ற பலகையில் இரண்டு வாரப் பதிவுகளை அலசியது. பாதி இழைகள் நான்கு நிமிடம்கூடத் தாங்கவில்லை. பத்தில் ஒன்பது பதிவுகளுக்கு மேல் பெயரில்லாதவை.

எல்லாம் அழிந்துபோகும் இடத்தில் எது நிற்கும்? யாராவது ஒரு படத்தை விரும்பித் தன் கணினியில் எடுத்து வைத்து, நாளைக்கு மறுபடி போட்டால் அது நிற்கும். பாட்டி வடை சுட்ட கதை நமக்கு வந்து சேர்ந்ததும் இப்படித்தான். முதலில் சொன்னவர் யார் என்று எந்தக் குழந்தையும் கேட்டதில்லை. அடுத்த வீட்டுக் குழந்தைக்குச் சொல்லத் தோன்றியதால் கதை பிழைத்தது. ஒவ்வொரு முறையும் காகத்துக்கோ நரிக்கோ ஒரு சொல் கூடிக்கொண்டும் வந்தது. இன்று உங்கள் கைப்பேசியில் வந்து விழும் மீம்களில் பலவற்றுக்குப் பாட்டன் வீடு அந்தப் பலகைதான். பூனைப் படத்தில் பிழையான ஆங்கிலம் எழுதிப் போடும் பழக்கம், சனிக்கிழமை என்றால் பூனைப் படம் என்ற வழக்கம், எல்லாம் அங்கே வளர்ந்தவை.

ஒருவர் தொடர்ந்து தன்னை அடையாளம் காட்ட விரும்பினால் அதற்கும் வழி இருந்தது. பெயருக்குப் பின் ஒரு குறியும் ஒரு ரகசியச் சொல்லும் சேர்த்தால், தளம் அதைக் கலைத்துப் புரியாத எழுத்துவரிசையாக்கிக் காட்டும். அதே ரகசியச் சொல்லைப் போடுபவருக்குத்தான் அதே வரிசை விழும். கைநாட்டு மாதிரி: ரேகை ஒன்றுதான் என்று தெரியும், விரல் யாருடையது என்று தெரியாது.

அவருடைய உண்மைப் பெயர் எப்போது வெளியே வந்தது?

2008 ஜூலையில், அமெரிக்கப் பத்திரிகைகள் வழியாக. அதுவரை ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் 'மூட்' மட்டும்தான். பெயரைச் சொன்ன பிறகும், இதுவும் ஒரு விளையாட்டுப் பெயராக இருக்குமோ என்று சந்தேகப்பட்டவர்கள் உண்டு.

அடுத்த ஆண்டு டைம் பத்திரிகை, உலகில் செல்வாக்கு மிக்கவர் யார் என்று இணையத்தில் வாக்கெடுப்பு நடத்தியது. மூட் 1 கோடியே 67 லட்சத்துக்கும் மேல் வாக்கு வாங்கி முதலிடம் பிடித்தார். அவருடைய தளத்துக் கூட்டம் தானியங்கி நிரல் எழுதிக் கள்ள ஓட்டுக் குத்தியது. முதலிடத்தோடு நிற்கவில்லை. முதல் 21 பேரின் பெயர்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்துப் படித்தால் அவர்களுக்குள் புழங்கும் ஒரு கேலித் தொடர் வருமாறு வரிசையையே அடுக்கிவிட்டார்கள். கள்ள ஓட்டு நமக்குப் புதிதா என்ன? கள்ள ஓட்டால் எழுத்துக்கூட்டி எழுதிக் காட்டியதுதான் புதிது.

அங்கே நல்லது ஏதாவது நடந்ததா, எல்லாம் கெட்டதுதானா?

சிரிப்பு நடந்தது, அது நல்லதுதான். 2008 பிப்ரவரி 10ஆம் தேதி, சயின்டாலஜி என்ற மத அமைப்புக்கு எதிராகப் பல நாட்டு நகரங்களில் முகமூடி அணிந்தவர்கள் தெருவில் நின்றார்கள். 'அனானிமஸ்' என்ற அந்தக் காலிக் கட்டத்துப் பெயரே ஓர் இயக்கத்தின் பெயராகிவிட்டது. கெட்டதும் அதே குழாயில் வந்தது: வெடிகுண்டு மிரட்டல், இன வெறுப்பு, பெண்களைக் கூட்டமாகத் துரத்துவது. 2014 ஆகஸ்ட் இறுதியில் நடிகைகளின் அந்தரங்கப் படங்களைத் திருடி அங்கே கொட்டினார்கள். "கருத்துச் சுதந்திரம்" என்று சொல்லி அதை நியாயப்படுத்துபவரோடு நான் தேநீர் குடிக்க மாட்டேன்.

போலீஸ் அவரைப் பிடித்ததா?

பிடிக்கவில்லை, சாட்சி சொல்ல அழைத்தார்கள். 2008 செப்டம்பரில், அமெரிக்கத் துணை அதிபர் வேட்பாளர் சாரா பேலினின் மின்னஞ்சலுக்குள் ஒரு கல்லூரி மாணவர் புகுந்தார். பெரிய வித்தை எதுவும் இல்லை. பிறந்த தேதி என்ன, கணவரை எங்கே சந்தித்தீர்கள் என்ற பாதுகாப்புக் கேள்விகளுக்கு, பொதுவில் கிடைத்த செய்திகளிலிருந்தே விடை தேடி எழுதிக் கடவுச்சொல்லை மாற்றிவிட்டார். பிறகு ஃபோர்சானில் வந்து தம்பட்டம் அடித்தார். 2010 ஏப்ரலில் டென்னசி மாநிலத்தில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றத்தில் நடந்த வழக்கில் பூல் கூண்டில் ஏறினார். எழுதியவரின் இணைய முகவரிப் பதிவுகளைப் புலனாய்வுத் துறைக்குக் கொடுத்திருந்தார். தளத்தில் புழங்கும் கொச்சைச் சொற்களுக்கு அரசு வழக்கறிஞர் ஒவ்வொன்றாகப் பொருள் கேட்க, அவர் முகம் மாறாமல் விளக்கினார்.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் கதையும் இதுதான்.

என் கடையில் ஒரு நோட்டு இருந்தது. அட்டையில் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து கிடக்கும். பெயர், ஊர், கணினி எண், உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம், கையெழுத்து என்று ஆறு கட்டங்கள், அளவுகோல் வைத்து நானே போட்டவை. 2004இல் ஒரு மாலை இரண்டு காவலர்கள் வந்தார்கள். என் கடையிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியைக்கு அசிங்கமான மின்னஞ்சல் போயிருந்தது. நாள், நேரம் எல்லாம் கையில் வைத்திருந்தார்கள். நோட்டைப் புரட்டினோம். நான்காம் எண் கணினி, மாலை 6.40. பெயர்: முருகன். ஊர்: காட்பாடி. காட்பாடியில் முருகன் என்று கூப்பிட்டால் தெருவுக்கு நான்கு பேர் திரும்பிப் பார்ப்பார்கள்.

"ஆள் எப்படி இருப்பான்?" என்றார் காவலர்களில் பெரியவர். ஒரு நாளைக்கு அறுபது பேர் வந்து போகும் கடை. எனக்கு நினைவில்லை. நினைவில்லை என்பதை அவர் நம்பவில்லை. இரவு பதினோரு மணி வரை நிலையத்தில் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். நான்காம் எண் கணினியின் பெட்டியை எடுத்துக்கொண்டு போய் 19 நாள் கழித்துத் திருப்பித் தந்தார்கள். அடித்தார்களா என்றால் இல்லை, டீ வாங்கிக் கொடுத்தார்கள். ஆனால் கோப்பில் ஏறிய ஒரே உண்மையான பெயர் என்னுடையது. எழுதியவனுக்குப் பெயர் இல்லை, படித்து அழுத ஆசிரியைக்கு முகவரி உண்டு, கடைக்காரனுக்கு உரிமம் உண்டு. பூலுக்கும் அதே நிலைமை. லட்சக்கணக்கானவர்கள் பெயரில்லாமல் திரிந்த ஊரில் சர்வர் ரசீது அவர் பெயரில்தான் வந்தது, சம்மனும் அந்த முகவரிக்குத்தான் வந்தது. அவரைப் பற்றி நான் பேச வந்ததே இந்த ஒரு விஷயத்துக்காகத்தான்.

நிறைய சம்பாதித்திருப்பாரே?

கூட்டத்தைப் பார்த்து அப்படித்தான் நினைப்போம். பெரிய நிறுவனங்கள் அந்தப் பக்கத்தில் விளம்பரம் கொடுக்கத் தயங்கின. பல் விளக்கும் பசையின் படத்துக்குப் பக்கத்தில் என்ன வந்து விழும் என்று யாருக்கும் தெரியாதே. 2004இல், இணையத்தில் பணம் அனுப்ப உதவும் பேபால் நிறுவனம், வந்த புகார்களைப் பார்த்து, அவருக்கு நன்கொடை வரும் வழியை நிறுத்தியது. தளம் ஆறு வாரம் மூடிக் கிடந்தது. 2012இல் ஆண்டுக்கு 20 டாலர் கட்டினால் சில தொல்லைகளிலிருந்து விலக்கு என்று ஒரு சீட்டு விற்றார்.

இடையில், முதலீட்டாளர்களிடம் பணம் வாங்கி, 'கேன்வாஸ்' என்ற படம் பகிரும் தளத்தைத் தொடங்கி 2011இல் மக்களுக்குத் திறந்தார். பிறகு அதே நிறுவனத்திலிருந்து 'டிரா குவெஸ்ட்' என்ற வரைதல் செயலி வந்தது. 2014 தொடக்கத்தில் நிறுவனத்தை மூடப்போவதாக அறிவித்து, தோற்றுவிட்டோம் என்று வெளிப்படையாக எழுதினார். காசில்லாமல் நடத்திய கடை ஓடியது, காசு போட்ட கடை ஓடவில்லை. வேலூர் லாங்கு பஜாரில் இதைச் சொன்னால் தலையாட்ட ஆள் கிடைக்கும்.

ஏன் விட்டுவிட்டுப் போனார்?

களைப்பு. 2015 ஜனவரி 21ஆம் தேதி விலகுவதாக அறிவித்தார். பல மணி நேரம் நேரலையில் உட்கார்ந்து கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிட்டுப் போனார். அதே ஆண்டு செப்டம்பரில் தளத்தை வாங்கியவர், முதலில் சொன்னேனே, அதே ஹிரோயுகி நிஷிமுரா. தாயின் வீட்டுச் சீதனம் பேரனிடமிருந்து பாட்டனுக்கே திரும்பியது மாதிரி. பூல் 2016இல் கூகுளில் வேலைக்குச் சேர்ந்து, 2021இல் அங்கிருந்தும் விலகினார். பெயர் கேட்காத இடத்தைக் கட்டியவர், கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு ஐந்து ஆண்டுகள் வேலை பார்த்தார். இதில் கேலி இல்லை. நானும் இப்போது ஆதார் நகல்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கடைசிவரை பெயரே தெரியாமல் போன நிறுவனர் யாராவது உண்டா?

பிட்காயின் என்ற இணைய நாணயத்தை உருவாக்கிய சடோஷி நகமோட்டோ. 2008 அக்டோபர் 31ஆம் தேதி தன் திட்டத்தை வெளியிட்டார். 2009 ஜனவரி 3ஆம் தேதி அதன் கணக்குப் புத்தகத்தின் முதல் தொகுதியை உருவாக்கினார். 2011க்குப் பிறகு மறைந்துவிட்டார். ஆணா பெண்ணா, ஒருவரா பலரா என்பதுகூட உறுதியாகவில்லை. நானே சடோஷி என்று கிளம்பியவர்கள் உண்டு, நிரூபித்தவர் இல்லை.

பூலால் முடியாதது அவரால் எப்படி முடிந்தது? பிட்காயினுக்கு மைய சர்வர் கிடையாது. உலகம் முழுக்கப் பலருடைய கணினிகளில் ஒரே கணக்குப் புத்தகம் ஓடுகிறது. வாடகை கட்ட வேண்டிய கடையே இல்லை, ஆகவே கடைக்காரரும் இல்லை. காவலர்கள் எந்தப் பெஞ்சில் யாரை உட்கார வைப்பது?

பெயர் சொல்லாமல் பேசுவது கோழைத்தனம்தானே?

இந்தக் கேள்வியைப் பெயர் எழுதாமல் கேட்டிருக்கிறீர்கள், தம்பி. இருக்கட்டும்.

நம் வேலூர்க் கோட்டைக்கே போவோம். 1806 ஜூனில் முஸ்தபா பேக் என்ற சிப்பாய் ஆங்கில அதிகாரியிடம் நேரில் போய், புரட்சி வரப்போகிறது என்று தன் பெயரோடு சொன்னார். விசாரித்தவர்கள் அவருக்குப் பைத்தியம் என்று முடிவு கட்டி அடைத்துவிட்டார்கள். ஜூலை 10 அதிகாலையில் கோட்டைக்குள் துப்பாக்கி வெடித்தது. அவர் காட்டிக்கொடுத்தவர், அவரை நம்பாமல் போனது நல்லதாயிற்று, இல்லையென்றால் மக்கானில் நிற்கும் நினைவுத்தூணுக்கு வேலையே இருந்திருக்காது. நான் சொல்ல வருவது வேறு: பெயரோடு சொன்னால் மட்டும் கேட்டுவிடுகிறார்களா?

தோல் தொழிற்சாலையில் கழிவுநீர் எங்கே போகிறது என்று அங்கேயே கூலி வாங்குபவர் பெயர் போட்டு எழுத மாட்டார். மாமியார் வீட்டில் அடிபடும் பெண் எழுத மாட்டார். மொட்டைக் கடிதம் இவர்களுக்கும் உதவும், பக்கத்து வீட்டுக்காரன் மேல் வயிற்றெரிச்சல் உள்ளவனுக்கும் உதவும். கடிதத்தில் உள்ள செய்தியைச் சரிபார்க்கலாம். அது கடிதம் வாங்குபவரின் வேலை.

இன்னொன்றும் உண்டு. சங்கப் புலவர்களில் சிலருடைய இயற்பெயர் நமக்குத் தெரியாது. அவர்கள் எழுதிய அழகான ஒரு தொடரையே பெயராக்கி அழைக்கிறோம்: செம்புலப்பெயல்நீரார், அணிலாடு முன்றிலார், மீனெறி தூண்டிலார். ஆள் போய்விட்டார், அணில் இன்னும் முற்றத்தில் ஆடுகிறது. அவர்களைக் கோழை என்று யாரும் சொன்னதாகக் கேள்விப்படவில்லை.

என் படத்தை யாரோ பெயரில்லாத கணக்கில் போட்டிருக்கிறார்கள். என்ன செய்வது?

இந்தச் சீட்டு நான்காக மடித்திருந்தது. எழுதியவர் இதைப் படித்தால்: முதலில் அழிக்காதீர்கள், திரையைப் படம் எடுத்து வையுங்கள், கணக்கின் முகவரியையும் நாள், நேரத்தையும் குறித்து வையுங்கள். அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலரிடம் புகார் கொடுங்கள். அந்தரங்கப் படமென்றால் 24 மணி நேரத்தில் நீக்க வேண்டும் என்று 2021ஆம் ஆண்டு விதிகளே கெடு வைத்தன. மத்திய அரசின் தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில், பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாரைப் பெயர் சொல்லாமலும் பதியலாம். 1930 என்ற உதவி எண்ணும் உண்டு. அரசாங்கமே ஒரு மொட்டைக் கடிதப் பெட்டி வைத்திருக்கிறது, பயன்படுத்துங்கள். வீட்டில் சொல்லத் தயக்கமாக இருந்தால் கடைக்கு வாருங்கள். புகாரை நிரப்ப உதவுகிறேன், காசு வேண்டாம். பெயர் கேட்க மாட்டேன்.

நாங்கள் நண்பர்கள் சேர்ந்து இப்படி ஒன்று தொடங்கலாமா?

தொடங்கலாம். முதலில் யார் பெயரில் தொடங்குவது என்று முடிவு செய்யுங்கள், அந்த ஆளுக்கு இரவில் தூக்கம் வருமா என்றும் பாருங்கள். அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் 230ஆம் பிரிவு, பிறர் எழுதியதற்குத் தளக்காரரைப் பெரும்பாலும் பொறுப்பாக்குவதில்லை. நம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆம் பிரிவிலும் பாதுகாப்பு உண்டு, ஆனால் நிபந்தனையோடு. நீதிமன்றமோ அரசோ ஆணையிட்டும் நீக்காமல் இருந்தால் பாதுகாப்பு போய்விடும். இணையத்தில் பிறர் மனம் புண்படும்படி எழுதுவதைக் குற்றமாக்கிய, அதே சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச்சில் ரத்து செய்ததால் எதையும் எழுதலாம் என்று உங்களில் ஒருவர் வாதாடினார். அவதூறும் மிரட்டலும் இன்னும் குற்றம்தான், தம்பி.

உங்கள் தலையில் முடி எப்போது கொட்டியது?

2004இல் தொடங்கியது.

அந்த நோட்டு இப்போது எங்கே?

என்னிடம்தான். 2011இல் நாடு முழுக்க சைபர் கஃபேக்கள் இப்படிப் பதிவேடு வைக்க வேண்டும், ஓராண்டாவது பாதுகாக்க வேண்டும் என்று விதி வந்தது. அதற்குள் நான் சென்டரை மூடியிருந்தேன். பழைய பேப்பர்காரரிடம் போட மனம் வரவில்லை. கூட்டம் முடிந்த அன்று இரவு பரணிலிருந்து எடுத்துப் பார்த்தேன். சில தாள்களைக் கரையான் தின்றிருக்கிறது. அந்தப் பக்கம் பத்திரமாக இருக்கிறது. முருகன், காட்பாடி, 4, 6.40. கையெழுத்து நிதானமாக, அழகாக, கடைசி எழுத்தை ஒரு சுழி சுழித்து முடித்திருக்கிறான். வெளியே போன நேரத்துக்கான கட்டம் காலி. அன்றைக்குக் கவனிக்கவில்லை, பயல் 20 ரூபாயும் தராமல் போயிருக்கிறான்.